வாசகர் கேள்வி பதில்: நடுவுல ஒரு பெட்ரோல் டேங்க்

கேள்வி: முதல் உலகப்போர் காலத்து பிரிட்டிஷ் டிஹெச்.4 குண்டுவீச்சு விமானத்துல ரெண்டு சீட்டும் ஏன் அவ்ளோ தள்ளித் தள்ளி இருக்கு?

பதில்: இதை வடிவமைச்ச ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் காரணத்தோடதான் அப்படி வச்சார். பைலட் முன்னாடி உக்காந்தா கீழ இருக்கிற இலக்கு நல்லா தெரியும், பின்னாடி இருக்கிறவருக்கு துப்பாக்கியை எல்லாப் பக்கமும் திருப்ப வசதி, நடுவுல இருந்த இடத்துல பெட்ரோல் டேங்கை வச்சுட்டாங்க. காகிதத்துல பாத்தா அருமையான யோசனை. ஆனா எதிரி விமானம் பின்னாடி வர்றப்ப கன்னர் அதை பைலட்கிட்ட சொல்லணுமே, இன்ஜின் சத்தத்துல கத்தினா கேக்காது, பேசுறதுக்குன்னு ஒரு குழாய் இருந்துச்சு, சண்டை நடக்குறப்ப அதுவும் பெருசா உதவல. டேங்க்ல குண்டு பட்டா என்ன ஆகும்ங்கிற பயம் வேற ரெண்டு பேருக்கும். இவ்ளோ இருந்தும் 1917 மார்ச்சுல 55வது ஸ்குவாட்ரனோட (விமானப் படைப்பிரிவு) பிரான்ஸ் போன இந்த விமானத்தை நான் அந்தப் போரோட மிகச்சிறந்த குண்டுவீச்சு விமானங்கள்ல ஒண்ணுன்னுதான் சொல்வேன், ஏன்னா ரோல்ஸ் ராய்ஸ் ஈகிள் இன்ஜின் போட்டதுக்கு அப்புறம் துரத்துற ஃபைட்டர்களே இதைப் பிடிக்கத் திணறுச்சு.

கேள்வி: அப்போ அடுத்து வந்த டிஹெச்.9ல சீட்டை சரி பண்ணிட்டாங்களே, அது ஏன் எடுபடல?

பதில்: சீட்டை சரியாத்தான் பண்ணாங்க, பைலட்டை பின்னாடி கொண்டுவந்து கன்னர் பக்கத்துலயே உக்கார வச்சாங்க. கெடுத்தது இன்ஜின். 300 குதிரைத்திறன் வரும்னு நம்பினாங்க, கிடைச்சது சுமார் 230, அதுவும் அடிக்கடி நின்னு போற ரகம். ஈகிள் இன்ஜின் டிஹெச்.4 சுமார் 22,000 அடி ஏறும், இது 15,500 அடியிலயே மூச்சு வாங்கும், குண்டையும் தூக்கிட்டுப் போனா இன்னும் கீழதான். அந்த உயரத்துல மாட்டின பசங்க நிறைய பேர் திரும்பி வரல, நினைச்சாலே கோவம் வருது, குறை முன்னாடியே தெரிஞ்சும் தயாரிப்பை நிறுத்தாம ஓட்டினாங்க. அப்புறம் அமெரிக்காவோட 400 குதிரைத்திறன் லிபர்ட்டி இன்ஜினைப் போட்டு டிஹெச்.9ஏ வந்துச்சு, போர் முடிஞ்சும் பல வருஷம் ஈராக்ல, இந்தியாவோட வடமேற்கு எல்லையில எல்லாம் பறந்துச்சு.

கேள்வி: டிஹெச்.4 ஜெப்பலினை (ஜெர்மனியோட ராட்சத வான்கப்பல்) வீழ்த்தினது உண்மையா?

பதில்: உண்மைதான். 1918 ஆகஸ்ட் 5 ராத்திரி எக்பர்ட் காட்பரி ஓட்ட, ராபர்ட் லெக்கி சுட, எல்70ங்கிற ஜெப்பலின் எரிஞ்சு கடல்ல விழுந்துச்சு. ஜெர்மன் கடற்படையோட ஜெப்பலின் தலைவர் பீட்டர் ஸ்டிராசரும் அதுலதான் இருந்தார், யாருமே பிழைக்கல.