இரவெல்லாம் யோசித்துக்கொண்டுதானே இருக்கிறேன், இன்னும் என்ன யோசிப்பது?

கேள்வி: எனக்கு வயது 46. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். 8 மாதமாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் நெஞ்சு இறுக்கமும் வயிற்று எரிச்சலும் வந்துவிடுகின்றன. ஈசிஜி, எக்கோ, டிரெட்மில், எண்டோஸ்கோபி எல்லாம் நார்மல். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பாண்டோபிரசோல் 40 மாத்திரையைத் தினமும் போடுகிறேன். அதிகாலை 3 மணிக்கு விழிப்பு வருவதால், 3 மாதமாக அல்பிரசோலம் 0.5 என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையை மருந்துக்கடையில் வாங்கிப் போடுகிறேன். சைவ உணவுதான், குடிப்பழக்கம் இல்லை. காபி நாளுக்கு ஐந்தாறு முறை. போன வாரம் மகள் சைக்கிளைப் பூட்ட மறந்ததற்குத் தெருவே கேட்கும்படி கத்திவிட்டேன். தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்த 5 நாளும் ஒரு தொந்தரவும் இல்லை. ‘கொஞ்சம் உட்கார்ந்து உன்னையே நீ யோசித்துப் பாரு’ என்கிறார் மாமனார். ராத்திரி முழுக்க அதைத்தானே செய்கிறேன்? தன்னைத்தானே ஆழமாகப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பது எப்படித் தெரியும்?

மருத்துவர் பதில்:

நேரம் வந்துவிட்டது என்றுதான் உங்கள் கடிதமே சொல்கிறது. ஆனால் 3 மணிக்கு விழித்துக்கொண்டு நீங்கள் செய்வது அந்த வேலை அல்ல. அது செக்குமாட்டு நடை. ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி?’, ‘அன்றைக்கே சொல்லியிருக்கலாமே’ என்று அதே தடத்தில் மனம் சுற்றும். விடியும்போது ஒரு புது விஷயமும் கையில் இருக்காது, களைப்புதான் மிஞ்சும். தன்னைப் பார்ப்பது என்றால் அதன் முடிவில் நேற்றுவரை தெரியாத ஒன்று தெரிந்திருக்க வேண்டும், அல்லது நாளை செய்ய ஒரு சின்னக் காரியமாவது கிடைத்திருக்க வேண்டும்.

மனதுக்குப் போகுமுன் உடம்பை முடித்துவிடுவோம். இதயப் பரிசோதனைகள் நார்மலாக இருப்பது நல்ல செய்தி. என்றாலும் மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுக்கம் வந்தாலோ, வியர்வையோடு வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, பழைய ரிப்போர்ட்டை நம்பி உட்கார்ந்திருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். இப்போதைக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், மூன்று மாதச் சராசரி சர்க்கரை, வைட்டமின் பி12 ஆகிய நான்கையும் பாருங்கள். பி12 உங்களுக்கு முக்கியம். சைவ உணவுக்காரர்களுக்கு அது குறைய வாய்ப்பு அதிகம். பாண்டோபிரசோலை நீண்டநாள் எடுத்தால், உணவிலிருந்து அதைப் பிரித்தெடுக்கத் தேவையான அமிலமும் குறைகிறது. பி12 குறைந்தால் எரிச்சல், மறதி, சோர்வு எல்லாம் வரும். அதைப் பலரும் ‘டென்ஷன்’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். சத்தமாகக் குறட்டை விடுகிறீர்களா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று மனைவியிடம் கேளுங்கள். அப்படி இருந்தால் தூக்கப் பரிசோதனை வேண்டும். காபியை இரண்டாகக் குறைத்து, கடைசிக் காபியைப் பகல் 12 மணிக்குள் முடித்துவிடுங்கள். குடித்து ஐந்தாறு மணி நேரம் ஆன பிறகும் காஃபீனில் ஏறக்குறைய பாதி உடம்பில் இருக்கும். ஒரே நாளில் குறைத்தால் தலைவலி வரும், ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறையுங்கள்.

அல்பிரசோலத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். அது சீட்டில்லாமல் வாங்கக்கூடாத மாத்திரை. 3 மாதம் போட்டால் உடம்பு பழகிவிடும். இதைப் படித்துவிட்டு இன்று இரவே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தூக்கம் அடியோடு போகலாம், படபடப்பு பல மடங்காகலாம், சிலருக்கு வலிப்பே வரலாம். மனநல மருத்துவரைப் பார்த்து வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். அதுவரை அளவைக் கூட்டவும் வேண்டாம்.

அடுத்து, இது மனச்சோர்வு நோயா என்று பார்க்க வேண்டும். பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாள் தமிழிலும் உண்டு. கடந்த 2 வாரத்தை நினைத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும், மொத்தம் 27. 10-ஐத் தொட்டால் சுயபரிசோதனையைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள். சோர்வில் இருக்கும் மனம் தன்னைப் பார்த்தால் குற்றங்களை மட்டுமே எண்ணும். ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாம் என்ற நினைப்பைப் பற்றியது. அதில் 0 தவிர வேறு எது வந்தாலும் அன்றைக்கே ஒருவரிடம் பேசியாக வேண்டும். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 இலவச எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

இந்த இரண்டு வாசலையும் தாண்டிவிட்டீர்கள் என்றால், உங்கள் கடிதத்துக்கு வருவோம். இரைப்பை அமிலத்துக்குக் கிழமை தெரியாது. தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் சாப்பிட்டிருப்பீர்கள், அப்போது எரியாத வயிறு ஞாயிற்றுக்கிழமை ரசம் சாதத்துக்கு எரிகிறது. தொந்தரவு ஒரு நாளையோ இடத்தையோ ஆளையோ பிடித்துக்கொண்டு வருவதுதான் முதல் அடையாளம். அடுத்தது, காரணத்துக்குப் பொருந்தாத கோபம். ஒரு சைக்கிள் பூட்டுக்குத் தெரு கேட்கும் சத்தம் தேவையில்லை. அந்தச் சத்தம் வேறு எங்கோ போக வேண்டியது, திருப்பிப் பேச முடியாத பிள்ளைமேல் இறங்கியிருக்கிறது. வெவ்வேறு ஆட்களோடு ஒரே மாதிரிச் சண்டை வருவதும், ஆசைப்பட்டது கிடைத்தும் உள்ளே ஒன்றும் அசையாததும், ‘இந்த ஷிப்மென்ட் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று ஒரே சாக்கை மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பதும் இதே வரிசைதான். இவற்றில் இரண்டு மூன்று, ஒன்றிரண்டு மாதம் நீடித்தாலே உட்கார வேண்டும்.

எப்படி உட்காருவது? 40 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். முதல் 14 நாள் யோசனையே வேண்டாம், குறிப்பு மட்டும். இறுக்கமோ கோபமோ வந்த ஒவ்வொரு முறையும் நாலு கட்டம்: மணி என்ன, அதற்கு முந்தின பத்து நிமிடத்தில் என்ன நடந்தது, உடம்பில் எந்த இடம், மனதில் ஓடிய முதல் வாக்கியம். ‘ஞாயிறு 5.40. வாட்ஸ்அப்பில் நாளைய மீட்டிங் மெசேஜ். தொண்டைக்குக் கீழே. மறுபடியும் நான்தான் கையெழுத்துப் போடணும்.’ உதாரணத்துக்குத்தான் சொன்னேன், உங்கள் வாக்கியம் வேறாக இருக்கும். அந்த நாலாவது கட்டத்தை நடந்த உடனே எழுதுங்கள். ராத்திரி வந்து எழுதினால் அதற்குள் மனம் அதை நாகரிகமாக மாற்றிவிடும்.

14 நாள் கழித்து, அடிக்கடி வந்த ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 முதல் 20 நிமிடம் எழுதுங்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவிய முறை இது. எழுத்துப்பிழை, அழகு எதுவும் பார்க்க வேண்டாம், கை நிற்காமல் ஓடினால் போதும். அலாரம் அடித்ததும் மூடிவிடுங்கள். படுக்கப்போகும் முன் எழுதாதீர்கள், கிளறிவிட்டது அடங்க ஒரு மணி நேரமாவது வேண்டும். சாயங்காலம் 6 மணிவாக்கு நல்ல நேரம்.

கேள்வியை ‘ஏன்’ என்று தொடங்கினால் மனம் தீர்ப்புச் சொல்லும்: ‘ஏனென்றால் நான் கோழை’. ‘என்ன’ என்று தொடங்குங்கள். எதற்குப் பயப்படுகிறேன், எதை யாரிடம் சொல்லாமல் இருக்கிறேன், இது இல்லாத அந்த 5 நாளில் என்னென்ன இல்லை? எழுதும்போது நெஞ்சு அடைத்தால் ‘நான்’ என்பதை ‘அவன்’ என்று மாற்றி எழுதிப் பாருங்கள். ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும், அதிலிருந்து நியாயமாகப் பார்க்க முடியும்.

முதல் நாள் எழுதி முடித்ததும் மனம் கனத்துக் கிடக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் தணிந்தால் அது இயல்புதான். அடுத்த நாளும் தணியாவிட்டால், பழைய அடி, இழப்பு, வன்முறை போன்ற நினைவுகள் கட்டுக்கடங்காமல் வந்தால், நோட்டை மூடிவிட்டு ஒரு மருத்துவ உளவியலாளரோடு சேர்ந்து செய்யுங்கள். எழுதியதை ராத்திரி ராத்திரி எடுத்துப் படிப்பது நிறையப் பேர் செய்யும் தவறு; செக்கில் மறுபடி மாட்டைக் கட்டுவது போல ஆகிவிடும். இன்னொரு தவறு, நாலாம் நாள் வேகத்தில் ராஜினாமா எழுதுவது. வேலை, திருமணம், சொத்து பற்றிய முடிவு எதையும் 4 வாரம் எடுக்காதீர்கள்.

அதற்குப் பதில், நோட்டில் கிடைத்ததை வைத்து ஒரே ஒரு சின்ன மாற்றத்தை 2 வாரம் செய்து பாருங்கள். ஞாயிறு மாலை ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவைத் திறக்காமல் இருப்பதாகக்கூட இருக்கலாம். இறுக்கம் குறைகிறதா என்று அதே நாலு கட்டத்தில் குறியுங்கள். குறைந்தால் வழி சரி. குறையாவிட்டால் வாக்கியத்தைத் தவறாகப் பிடித்திருக்கிறீர்கள், அடுத்ததை எடுங்கள்.

3 மணிக்கு விழிப்பு வந்தால் படுக்கையிலேயே புரளாதீர்கள். கால் மணி நேரம் ஆனதுபோலத் தோன்றினால் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஓடுகிற நினைப்பை ஒற்றை வரியில் எழுதி ‘நாளை 6 மணிக்கு’ என்று பக்கத்தில் போட்டுவிட்டு, தூக்கம் கண்ணைச் சுற்றும்போது திரும்பப் படுங்கள். போனை எடுக்கவேண்டாம், கடிகாரத்தையும் திருப்பிவைத்துவிடுங்கள்.

மகளிடம் இன்றைக்கே பேசிவிடுங்கள். நோட்டு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ‘சைக்கிளுக்காக அவ்வளவு கத்தியிருக்கக் கூடாது, அது உன் தப்பு இல்லை’ என்று சொன்னால் போதும், ஆபீஸ் கதை எதுவும் சேர்க்க வேண்டாம். ரத்தப் பரிசோதனை முடிவு, அல்பிரசோலம் அட்டை, 14 நாள் குறிப்பு மூன்றையும் எடுத்துக்கொண்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.