பச்சைப் புள்ளி போதுமா? மலைச்சரிவு வீடுகளும் ரேடார் செயற்கைக்கோளும்

கேள்வி: மொரீஷியஸின் போர்ட் லூயிஸ் மலையடிவாரத்தில், சித்ரகூட் பக்கம் எங்கள் வீடு. செயற்கைக்கோள் நகர்வு வரைபடம் ஒன்றில் எங்கள் வீட்டின் மேல் பச்சைப் புள்ளி இருக்கிறது. அப்படியென்றால் ஆபத்தில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகி, போர்ட் லூயிஸ்

பதில்: வேண்டாம் அம்மா. பச்சை என்றால் செயற்கைக்கோளுக்கும் அந்தப் புள்ளிக்கும் இடையிலான தூரம் மாறவில்லை என்றுதான் பொருள். நிலமே நகரவில்லை என்று அதற்குப் பொருளில்லை.

இந்த வரைபடங்களுக்குப் படம் தரும் ஐரோப்பிய ரேடார் செயற்கைக்கோளான சென்டினல்-1 சுமார் 693 கி.மீ. உயரத்தில் ஏறத்தாழ வடக்கு–தெற்காகச் சுற்றிக்கொண்டு, பக்கவாட்டில் சாய்வாகப் பார்க்கிறது. அதனால் கிழக்கு–மேற்கு நகர்வும் மேல்–கீழ் நகர்வும் அதற்குத் தெரியும்; வடக்கு–தெற்கு நகர்வு அநேகமாகத் தெரியாது. 20 பாகை சாய்ந்த சரிவு ஆண்டுக்கு 10 மி.மீ. இறங்குவதாக வையுங்கள். சரிவு கிழக்கு பார்த்திருந்தால், தெற்கிலிருந்து வடக்கே செல்லும் பாதையில் எடுத்த படங்கள் அதில் 8 மி.மீ.க்கு மேல் காட்டிவிடும். அதே சரிவு வடக்கோ தெற்கோ பார்த்திருந்தால் 3 மி.மீ. அளவே தேறும்; வரைபடத்தில் அது பச்சைக்குள் ஒளிந்துகொள்ளும். மேற்கு பார்த்த சரிவை இந்தப் பாதையில் மட்டும் பார்த்தால் இன்னும் மோசம். இறங்குகிற வீடு செயற்கைக்கோளை நோக்கி எழும்புவதுபோலத் தெரியும். அதற்கு வடக்கிலிருந்து தெற்கே வரும் பாதையின் படங்கள் வேண்டும். ஆகவே சரிவு எந்தத் திசை பார்க்கிறது, படம் எந்தப் பாதையில் எடுத்தது என்ற இரண்டையும் கேட்காமல் நிறத்தை நம்பாதீர்கள்.

இன்னொன்று: ஒரு படப்புள்ளி தரையில் சுமார் 5 மீட்டருக்கு 20 மீட்டர். உங்கள் வீட்டின் மேல் தெரியும் புள்ளி பக்கத்து வீட்டுத் தகரக் கூரையாகவும் இருக்கலாம்.

கேள்வி: இந்த நகர்வுக் கணக்கை நாங்களே போட்டுப் பார்க்க முடியுமா?
– பொறியியல் மாணவர், காத்ர் போர்ன்

பதில்: முடியும். சென்டினல்-1 படங்கள் ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் இணையதளத்தில் இலவசம். அவற்றை ஒப்பிட்டு நகர்வைக் கணக்கிடும் ஸ்நாப், ஸ்டாம்ப்ஸ், மின்ட்பை மென்பொருள்களும் இலவசம். ஒரே பாதையில், ஒரே கோணத்தில் எடுத்த 25 முதல் 30 படங்களாவது சேருங்கள். ஒவ்வொன்றும் பல ஜிகாபைட் இருப்பதால் வட்டில் 500 ஜிகாபைட் காலி வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலோர் சறுக்குவது ஒப்பீட்டுப் புள்ளியில்தான், அதாவது நகராதது என்று நாம் வைத்துக்கொள்ளும் இடத்தில். எல்லா அளவும் அதைச் சார்ந்தவை. அதைக் கருங்கல் பாறை மேல் நிற்கும் பழைய கட்டடத்தில் வையுங்கள். சரிவில் வைத்தால் நகரும் நிலம் நின்றதாகவும் நின்ற நிலம் நகர்ந்ததாகவும் வரும். அடுத்தது ஈரக்காற்று; அது ரேடார் அலையைத் தாமதப்படுத்தும். காற்றின் ஈரப்பதம் 20 சதவீதம் மாறினாலே 10 செ.மீ. வரை பொய் நகர்வு வரலாம். கோடை மழைக்காலத்தில் எடுத்த ஒரே சோடிப் படத்தை வைத்து முடிவு சொல்லவே கூடாது. கான்கிரீட்டும் வெயிலில் விரியும்: 10 மீட்டர் உயரக் கட்டடம் 10 பாகை செல்சியஸ் வெப்பத்துக்கு 1 மி.மீ. வளரும். ஆண்டுதோறும் ஒரே தாளத்தில் ஏறி இறங்கினால் அது வெப்பம். ஒரே பக்கம் போய்க்கொண்டே இருந்தால் நகர்வு.

கரும்புத் தோட்டத்திலும் காட்டிலும் அலை குழம்பிவிடும், புள்ளியே கிடைக்காது. அங்கே ஒரு மீட்டர் பக்கமுள்ள அலுமினிய முக்கோண எதிரொளிப்பானைக் கான்கிரீட்டில் பதித்து, செயற்கைக்கோளின் பக்கம் திருப்பி வைக்கலாம். அடியில் மழைநீர் வடியத் துளை போட மறக்காதீர்கள். இஸ்ரோவும் நாசாவும் 2025 ஜூலையில் ஏவிய நிசார், 24 செ.மீ. அலையையும் பயன்படுத்துவதால் இலைகளை ஊடுருவிப் பார்ப்பதில் சென்டினலின் 5.6 செ.மீ. அலையைவிட மேல்.

கேள்வி: 2024 ஜனவரியில் வந்த பெலால் போல ஒரு புயல் வந்தால், அன்றிரவே செயற்கைக்கோள் எச்சரிக்குமா?
– வாசகர், வாலே பித்தோ

பதில்: எச்சரிக்காது. ஒரு செயற்கைக்கோள் அதே பாதைக்குத் திரும்ப 12 நாள் ஆகும். இரண்டு படங்களுக்கு நடுவே பக்கத்துப் புள்ளியைவிட 1.4 செ.மீ.க்கு மேல் நகர்ந்தால் கணக்கே தடுமாறும். பல மாதமாக மெல்ல ஊரும் சரிவைக் கண்டுபிடிக்க அது உதவும். அன்றிரவுக்கு மழைமானியும் உங்கள் கண்ணுமே துணை. சுவரில் புது விரிசல், திடீரென இறுகும் கதவு, சாயும் மின்கம்பம், சரிவில் புதிதாகக் கசியும் கலங்கல் நீர், இவற்றில் எது தெரிந்தாலும் உடனே வீட்டைவிட்டுப் போய்விடுங்கள்.

கேள்வி: சுவர் விரிசலை வீட்டிலேயே எப்படி அளப்பது?
– அதே வாசகர்

பதில்: விரிசலின் ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று என மூன்று எஃகு ஆணிகளை முக்கோணமாக அடியுங்கள். இரண்டே ஆணி என்றால் விரிவது மட்டும் தெரியும், வழுக்குவது தெரியாது. வாரம் ஒருமுறை, காலையில் வெயில் ஏறுமுன், வெர்னியர் காலிப்பரால் மூன்று பக்கத்தையும் அளந்து, அந்த வார மழையளவோடு நோட்டில் எழுதுங்கள். பட்டியும் பெயின்டும் பூசி விரிசலை மறைக்காதீர்கள். அடுத்து வரும் பொறியாளருக்கு இருக்கும் ஒரே சாட்சி அதுதான். கூரைத் தண்ணீரையும் கழிவுநீர்த் தொட்டி வழிவதையும் சரிவுக்குள் விடாமல், குழாய் போட்டு வாய்க்காலுக்குக் கொண்டுபோங்கள். மண் இடுக்கில் தேங்கும் நீரின் அழுத்தம்தான் சரிவின் பிடிப்பைத் தளர்த்துகிறது. மேல்மாடி கட்டினாலோ கூரைத் தகடு மாற்றினாலோ அந்தத் தேதியையும் எழுதிவையுங்கள். அன்றோடு அந்த ரேடார் புள்ளியின் பழைய கணக்கு முறிந்துபோகும்.