பந்தைப் பறிகொடுப்பது யார்?

வணக்கம் சார்,

அமெரிக்காவின் மிட்வெஸ்ட் பகுதியில், ஒரு பல்கலைக்கழக ஊரில் இருக்கிறோம். அயோவா பல்கலைக்கழகத்தில் ஆடிய கெய்ட்லின் கிளார்க் புண்ணியத்தில் எங்கள் வீட்டுக்குள்ளும் பெண்கள் பேஸ்கட்பால் வந்துவிட்டது. மகள் பள்ளி அணியில் ஆடுகிறாள். உள்ளூர்க் கல்லூரி அணியின் ஆட்டங்களுக்கு அவளோடு நானும் போகிறேன். போன வாரம் அந்தப் பெண்கள் ஒரே ஆட்டத்தில் இருபது தடவைக்கு மேல் பந்தைப் பறிகொடுத்தார்கள். ஆளே இல்லாத பக்கம் பாஸ், எதிராளி கையிலேயே பாஸ், நின்ற இடத்தில் பந்தைத் தட்டாமலே காலை நகர்த்தி டிராவல். கோச் ஒவ்வொரு தடவையும் கத்தினார். தப்பு செய்த பெண்ணை உடனே கூப்பிட்டு பெஞ்சில் உட்கார வைத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் கோச்சை மாற்ற வேண்டும் என்கிறார்கள். என் மகளோ, "பாஸ் போடறது பிளேயர்தானேப்பா, கோச் என்ன பண்ணுவாங்க?" என்கிறாள். நீங்கள் சொல்லுங்கள், யார் பக்கம் நியாயம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஸ்கோர் ஷீட்டைப் பார்த்தால் உங்கள் மகள் பக்கம்தான் நியாயம். டர்ன்ஓவர், அதாவது பந்தைப் பறிகொடுப்பது, பெரும்பாலும் ஆடுகிற பெண்ணின் பெயருக்கு நேரேதான் ஏறும். கோச்சுக்கு அதில் கட்டமே கிடையாது. அப்படி ஒரு கட்டம் இருந்திருந்தால் அந்த இருபதில் பாதிக்கு மேல் அங்கேதான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். கத்தியதற்காக அல்ல, ஆட்டத்துக்கு முந்தைய நாட்களில் பயிற்சியில் நடந்ததற்காகவும், நடக்காமல் போனதற்காகவும்.

முதலில் அந்த இருபதைப் பார்த்துவிடலாம். எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் அணியைத் திட்ட முடியாது. 2021இல் சான் அன்டோனியோவில் நடந்த என்சிஏஏ (கல்லூரி விளையாட்டுச் சங்கம்) பெண்கள் இறுதி ஆட்டத்தில் அரிசோனாவுக்கு எதிராக ஸ்டான்ஃபோர்டும் இருபது தடவைக்கு மேல் பந்தைத் தொலைத்தது. கடைசிக்கட்டத்தில் ஷாட் எறியத் தரப்படும் 30 விநாடியையும் (ஷாட் கிளாக்) தீரவிட்டுப் பந்தைக் கொடுத்தது. அதுவும் கணக்கில் டர்ன்ஓவர்தான். ஆறு விநாடி மிச்சம். அரிசோனாவின் ஆரி மெக்டொனால்டை மூன்று பேர் சூழ்ந்து நிற்க, அவர் எறிந்த பந்து விழவில்லை. 54-53. ஸ்டான்ஃபோர்டின் கோச் டாரா வான்டெர்வீர் 29 ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடி கோப்பையைத் தூக்கினார். பந்தைப் பறிகொடுக்கிற அணி தோற்றே தீரும் என்று விதி இல்லை. புள்ளிவிவரக்காரர் டீன் ஆலிவர், வெற்றியைத் தீர்மானிக்கும் நான்கு அம்சங்களில் ஷூட்டிங்குக்கு அடுத்த இடத்தைத்தான் டர்ன்ஓவருக்குக் கொடுத்தார். அதையும் ஆட்டத்துக்கு எத்தனை என்று எண்ணாமல், பந்து கைக்கு வந்த தடவைகளில் எத்தனை சதவீதம் வீணாகிறது என்றுதான் பார்க்கச் சொன்னார். வேகமாக ஆடுகிற அணிக்கு இருபது வேறு, மெதுவாக ஆடுகிற அணிக்கு இருபது வேறு.

அப்புறம், எந்த மாதிரி டர்ன்ஓவர் என்பது. பந்து கோட்டுக்கு வெளியே போனால் ஆட்டம் நிற்கும், உங்கள் பெண்கள் ஓடிப்போய்த் தடுப்பு ஆட்டத்துக்கு நின்றுகொள்ளலாம். எதிராளி பறித்துக்கொண்டு ஓடினால் நேராகக் கூடைக்கு அடியிலேயே போய் லேஅப். 2024 இறுதி ஆட்டம் பார்த்திருப்பீர்கள், சவுத் கரோலைனாவும் அயோவாவும். முதல் கால் பகுதியில் மட்டும் கிளார்க் 18 புள்ளி அடித்திருந்தார். இடைவேளைக்குச் சற்று முன்பு அவர் பந்தைத் தட்டிக்கொண்டு வந்தபோது ரேவன் ஜான்சன் கையை விட்டுப் பறித்தார், ஓடிப்போய்க் கூடையில் போட்டார். 49-46 என்று சவுத் கரோலைனா முன்னிலையோடு உள்ளே போனது. முந்தைய ஆண்டு அரையிறுதியில் இதே ஜான்சனைக் காவல் காக்கக்கூட வேண்டாம் என்று கிளார்க் கையை ஆட்டிவிட்டு நகர்ந்து நின்றது ஊரெல்லாம் சுற்றிய வீடியோ. அந்தப் பறிப்பில் எத்தனை மாதக் கோபம் இருந்திருக்கும்! ஆட்டம் 87-75 என்று முடிந்தது, சவுத் கரோலைனாவுக்கு அந்தப் பருவத்தில் தோல்வியே இல்லை. கிளார்க்கின் அந்தத் தவறும், யாரோ ஒருத்தி பந்தைக் கோட்டுக்கு வெளியே தட்டிவிடுவதும் ஷீட்டில் ஒன்று ஒன்றுதான். ஆட்டத்தில் ஒன்றல்ல.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மோசமான பாஸ் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். ஆட்டத்தை நடத்துகிற பாயின்ட் கார்டு மேலே பந்தோடு வருகிறாள். பெஞ்சிலிருந்து கோச் இரண்டு விரலைக் காட்டுகிறார். அந்த ஆட்டத்திட்டப்படி பந்து முதலில் வலது விங்குக்கு (வலது ஓரத்துக்கு) போக வேண்டும். அவள் டிரிப்ளிங்கை (பந்தைத் தட்டுவதை) நிறுத்திப் பந்தை இரண்டு கையாலும் பிடித்துவிடுகிறாள். விங்கில் இருப்பவள் பந்தை நோக்கி இரண்டு எட்டு வந்து வாங்க வேண்டும், ஆனால் நின்ற இடத்திலேயே கையை நீட்டுகிறாள். அவளைக் காக்கிற பெண் பாஸ் போகும் வழியில் ஒரு கையை விட்டு வைத்திருக்கிறாள். இடது பக்கம் முழுக்கக் காலி. ஆனால் திட்டத்தில் இடது பக்கம் இல்லையே. பந்து வலது பக்கம்தான் போகிறது, பறிபோகிறது.

டர்ன்ஓவர் பாயின்ட் கார்டின் கணக்கில். தவறான பாஸ்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே அவள் எதையும் முடிவு செய்யவில்லை. முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது, அவள் நிறைவேற்றினாள், அவ்வளவுதான். வாங்குகிறவள் நகராததற்கு ஷீட்டில் தண்டனை கிடையாது. டிரிப்ளிங்கை ஏன் நிறுத்தினாள் என்று யாரும் கேட்பதில்லை.

இந்தத் திட்டங்களை எப்படிப் பழக்குகிறார்கள்? ஐந்து பேர் நின்று, எதிரே யாரும் இல்லாமல், பந்து இங்கே, ஸ்கிரீன் (எதிராளியை மறித்து நிற்பது) அங்கே, நீ இப்படி ஓடு என்று திரும்பத் திரும்ப. பார்க்க அழகாக இருக்கும். காலி மைதானத்தில் கார் ஓட்டிப் பழகியவரைக் கோயம்பேடு சந்திப்பில் இறக்கிவிட்ட கதைதான் அப்புறம் நடப்பது. பாஸ் போடும் கை பழகியிருக்கும், எதிரே நிற்பவளின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று படிக்கிற கண் பழகியிருக்காது. என்சிஏஏ விதிப்படி பருவத்தின்போது வாரத்துக்கு 20 மணி நேரம்தான் பயிற்சிக்கு அனுமதி. அந்த இருபதில் எத்தனை மணி நேரம் எதிராளியோடு ஆட விடுகிறார் என்பதில்தான் கோச்சின் கைவண்ணம் தெரியும். டென்னசியில் பாட் சம்மிட்டும் கனெக்டிகட்டில் ஜீனோ ஆரியெம்மாவும் பயிற்சியில் ஆண் மாணவர்களை எதிரணியாக நிறுத்தியது இதற்காகத்தான். கை நீளமாக, கால் வேகமாக ஒருவன் முன்னால் நின்றால் நேற்றுவரை திறந்திருந்த பாஸ் வழி இன்று மூடிவிடும், வேறு வழி தேடியே ஆக வேண்டும். ஐந்து பேருக்கு எதிராக ஏழு பேரை நிறுத்தி பிரஸ்ஸை (பந்தோடு வருபவரை நெருக்கித் தடுப்பதை) உடைக்கச் சொல்லும் கோச்களும் உண்டு.

இந்த பிரஸ் விஷயத்தில் ஒரு பழைய கதையும் சொல்ல வேண்டும். 2013-14 பருவத்துக்கு முன்பு பெண்கள் கல்லூரி ஆட்டத்தில், பத்து விநாடிக்குள் பாதிக் கோட்டைத் தாண்ட வேண்டும் என்ற விதியே கிடையாது. பின்பக்கம் சாவகாசமாகப் பந்தைத் தட்டிக்கொண்டு நிற்கலாம். விதி வந்த பிறகு முழு மைதான பிரஸ்ஸுக்கு மதிப்பு கூடிவிட்டது. கார்டு அவசரப்படுகிறாள், நீளமாகத் தூக்கி எறிகிறாள், எதிரணி காத்திருக்கிறது.

இப்போது அந்த பெஞ்ச் தண்டனை. எனக்கு ஒப்பவே ஒப்பாத விஷயம் இது. ஒரு தப்புக்கு ஒரு பெண்ணை வெளியே எடுத்தால் அவள் பாடம் கற்கிறாள் என்று சில கோச்கள் நம்புகிறார்கள். அவள் கற்பது பந்து கைக்கு வந்ததும் முதலில் பெஞ்சைப் பார்க்கிற பழக்கத்தை. அரை விநாடி தயங்குவாள். கல்லூரி அளவில் அரை விநாடியில் பாஸ் வழி அடைபட்டுவிடும். அப்புறம் பத்திரமான பாஸாகத் தேடுவாள். எல்லோருமே பத்திரமாகப் பக்கவாட்டில் பந்தைக் கைமாற்றிக்கொண்டிருந்தால் ஷாட் கிளாக் தீரும். அதுவும் டர்ன்ஓவர். இதை எண்ணிக்கைக்குப் பயந்து எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்வது என்றுதான் சொல்வேன்.

அயோவாவில் கிளார்க்கின் கோச் லிசா ப்ளூடர் செய்தது நேர்மாறு. கல்லூரியில் கடைசிப் பருவத்தில் கிளார்க் ஆட்டத்துக்குச் சராசரியாக ஒன்பதை ஒட்டி அசிஸ்ட் (கூடை விழ வழி செய்த பாஸ்) கொடுத்தார், நாட்டிலேயே முதலிடம். நான்குக்கு மேல் டர்ன்ஓவரும் செய்தார். முப்பது அடி தள்ளி ஓடுகிறவளின் கைக்குப் பந்தை அனுப்புகிறவளுக்கு அந்தச் செலவு உண்டு என்று ப்ளூடர் கணக்குப் போட்டு வைத்திருந்தார். அடுத்து தொழில்முறை ஆட்டத்துக்குப் போன 2024இல் கிளார்க் கொடுத்த அசிஸ்ட் 337, டர்ன்ஓவர் 223. டபிள்யூஎன்பிஏவில் ஒரே பருவத்தில் அதுவரை யாரும் எட்டாத எண்கள், இரண்டுமே. ஆனால் உங்கள் ஊர் அணியில் எல்லோரும் கிளார்க் இல்லை. யாருக்கு எவ்வளவு ரிஸ்க் எடுக்கச் சுதந்திரம் என்று பிரித்துச் சொல்வது கோச்சின் வேலை. எல்லோருக்கும் ஒரே கத்தல் என்றால் அந்த வேலை நடக்கவில்லை.

ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் இது இன்னும் கொடுமை. 2017 மார்ச் 31, டல்லாஸ். கனெக்டிகட் 111 ஆட்டங்களாகத் தோற்கவில்லை. அரையிறுதியில் மிசிசிப்பி ஸ்டேட்டோடு கூடுதல் நேரத்தில் 64-64. பந்து கனெக்டிகட் கையில், அரை நிமிடம்கூட இல்லை. கடைசி ஷாட்டுக்குக் காத்திருந்தால் தோற்க வழியே இல்லை, இன்னொரு கூடுதல் நேரம் வேண்டுமானால் வரலாம். அவர்களுடைய கார்டு ஒருவர் நேரம் இருக்கும்போதே கூடையை நோக்கிப் பாய்ந்தார், பந்து போனது. மிசிசிப்பி ஸ்டேட் காத்திருந்தது. 5 அடி 5 அங்குல மார்கன் வில்லியம் மணி அடிக்கும் நேரத்தில் எறிந்தார், உள்ளே விழுந்தது. அந்தக் கார்டைத் திட்டினவர்கள் அன்று ஏராளம். நான் அணியின் பழக்கத்தைப் பார்ப்பேன். பெரும்பாலான ஆட்டங்களை முப்பது நாற்பது புள்ளியில் ஜெயித்த பெண்களுக்கு, சமநிலையில் கடைசி அரை நிமிடம் என்ன செய்வது என்று ஆடிப் பார்க்க வாய்ப்பு எங்கே கிடைத்திருக்கும்? பயிற்சியில் செயற்கையாக உண்டாக்கினால்தான் உண்டு.

கோச்சின் கைக்கு எட்டாத காரணங்களும் இருக்கின்றன. 2024 அரையிறுதியில் அயோவாவிடம் ஒரு புள்ளி பின்தங்கிய நிலையில், 3.9 விநாடி இருக்கும்போது கனெக்டிகட்டின் ஆலியா எட்வர்ட்ஸ் வைத்த ஸ்கிரீன் தப்பு என்று ரெஃப்ரி விசில் ஊதினார். டர்ன்ஓவர், ஆட்டம் போச்சு. நாடே சண்டை போட்டது. ஒரே ஒரு விசிலால் ஆட்டம் போவதில்லை என்று அணியின் பெய்ஜ் பெக்கர்ஸே சொன்னார், நிதானமான பெண். அப்புறம் டிரான்ஸ்ஃபர். 2021 முதல் ஓராண்டு வெளியே உட்காராமல் வேறு கல்லூரிக்குப் போய் உடனே ஆடலாம் என்றாகிவிட்டது. வருஷா வருஷம் பாதி அணி புதுசு. இவள் இடது பக்கம் வெட்டி ஓடுவாள் என்று பாஸ் போடுகிறவளுக்குத் தெரிய ஒரு பருவமாவது வேண்டும். நவம்பர், டிசம்பரில் இருபது என்றால் நான் பொறுத்துக்கொள்வேன். பிப்ரவரியிலும் அதே இருபது என்றால் உங்கள் பக்கத்து இருக்கைக்காரர்களோடு கொஞ்சம் சேர்ந்துகொள்வேன்.

அதற்கு முன்பு அடுத்த ஆட்டத்தில் ஒன்றைக் கவனியுங்கள். பாஸ் பறிபோனதும் எல்லோரும் எறிந்தவளைப் பார்ப்பார்கள். நீங்கள் வாங்க வேண்டியவளைப் பாருங்கள், நகர்ந்தாளா நின்றாளா என்று. கோச் அவளிடமும் ஏதாவது சொல்கிறாரா என்று பாருங்கள். டைம் அவுட்டில் அவர் மட்டுமே பேசுகிறாரா, பெண்களைப் பேச விடுகிறாரா என்பதும் தூரத்திலிருந்தே தெரியும். இத்தனைக்கும் பிறகு அவரை மாற்ற வேண்டும் என்று தோன்றினால் அது உங்கள் ஊர் விவகாரம், நான் தலையிட மாட்டேன்.

மகள் எந்த இடத்தில் ஆடுகிறாள் என்று எழுதவில்லையே. பாயின்ட் கார்டு என்றால் அவளையே ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள், அவளிடம் கேட்க எனக்கும் இரண்டு மூன்று கேள்விகள் இருக்கின்றன.