பள்ளி என் ஒரிஜினல் சான்றிதழ்களைத் தர மறுக்கிறது. துபாய் வேலை கைவிட்டுப் போய்விடுமா?

கேள்வி: தென்காசி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆறு வருடமாகக் கணித ஆசிரியை. பி.எஸ்சி. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும், பி.எட். தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்திலும் முடித்தேன். துபாயில் ஒரு பள்ளி வேலை தருவதாகக் கடிதம் அனுப்பியிருக்கிறது. சான்றொப்பம் பெற்ற பட்டச் சான்றிதழ்களைக் கேட்கிறது. ஆனால் வேலைக்குச் சேரும்போது ஒரிஜினல்களை வாங்கி வைத்துக்கொண்ட என் பள்ளி, "வருடத்தின் நடுவில் போனால் மூன்று மாதச் சம்பளம் 54,000 ரூபாய் கட்டு, அப்புறம் தருகிறோம்" என்கிறது. அப்படி ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது உண்மைதான். சான்றிதழில் என் பெயர் தந்தையின் இனிஷியலோடு இருக்கிறது. பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் சேர்ந்திருக்கிறது. ஒரு ஏஜெண்ட், "ஸ்கேன் காப்பி போதும், 1,20,000 ரூபாய் கொடுங்கள், எல்லா முத்திரையும் நாங்கள் வாங்கித் தருகிறோம்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த ஏஜெண்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஸ்கேன் காப்பியை வைத்துப் பட்டச் சான்றிதழுக்கு முத்திரை வாங்கித் தருகிறேன் என்றால், அவர் தரப்போவது போலி முத்திரையாகத்தான் இருக்க வேண்டும். அசல் ஆவணத்தின் பின்புறத்தில் ஒவ்வொரு அலுவலகமும் முந்தைய அலுவலகத்தின் கையெழுத்தைப் பார்த்து அடுத்த முத்திரையைப் போடும். அசல் இல்லாமல் இந்தச் சங்கிலி தொடங்கவே தொடங்காது. போலி முத்திரையோடு துபாயில் பிடிபட்டால் வழக்கு உங்கள் மேல்தான் வரும்; ஏஜெண்ட் தென்காசியில் இருப்பார்.

ஆகவே எல்லாம் பள்ளியின் பீரோவில் இருக்கும் அந்தக் காகிதங்களிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

பள்ளிக்கு அவற்றைப் பிடித்து வைக்கும் உரிமை கிடையாது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 171வது பிரிவு, பாக்கித் தொகைக்காக அடுத்தவர் பொருளைப் பிடித்து வைக்கும் பொது உரிமையை வங்கி, வழக்கறிஞர் போன்ற ஒரு சிலருக்கு மட்டுமே தருகிறது. அந்தப் பட்டியலில் பள்ளி இல்லை. ஒரு பொருளில் உழைப்பைச் செலுத்தியவர் கூலிக்காக அதை வைத்துக்கொள்ளலாம் என்று 170வது பிரிவு சொல்கிறது, உங்கள் பி.எட். சான்றிதழில் பள்ளி எந்த உழைப்பையும் செலுத்தவில்லை. கல்விச் சான்றிதழ் விற்பனைப் பொருள் அல்ல, அதன் மேல் இப்படியொரு பிடிமானம் கொண்டாட முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேனே என்கிறீர்கள். அது வேறு விஷயம், அதை நான் இலேசாகச் சொல்ல மாட்டேன். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடம் முடிக்காமல் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, பள்ளி பணம் கேட்டு வழக்குப் போடலாம். ஒப்பந்தச் சட்டத்தின் 74வது பிரிவின்படி நியாயமான இழப்பீடு எவ்வளவு என்று நீதிமன்றம் பார்க்கும். பண பாக்கி என்றால் பணத்துக்கு வழக்கு, அவ்வளவுதான். அதற்காக உங்கள் பட்டத்தை அடகுப் பொருளாக வைத்துக்கொள்ள முடியாது.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். ராஜினாமாவை மின்னஞ்சலிலும் ஒப்புகையுடன் கூடிய ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள். அதிலேயே எந்தெந்த ஒரிஜினல்கள் பள்ளியிடம் இருக்கின்றன என்பதை வரிசை எண், பதிவு எண்ணோடு எழுதி, திருப்பித் தரும்படி கேளுங்கள். சேரும்போது பள்ளி ரசீது தந்திருந்தால் அதன் நகலை இணையுங்கள். தரவில்லை என்றால் இந்தப் பட்டியலே பிறகு உதவும். பதில் இல்லாவிட்டால் ஒரு வாரக் கெடு வைத்து வக்கீல் நோட்டீஸ். கூடவே தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனு கொடுங்கள். பெரும்பாலும் இந்த இடத்திலேயே பீரோ திறந்துவிடும்.

திறக்காவிட்டால் மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தில் செயலுறுத்துக் கட்டளை, அதாவது சான்றிதழைத் திருப்பித் தரச் சொல்லும் உத்தரவு, கேட்டு வழக்குப் போடலாம். குறிப்பிட்ட ஓர் அசையும் பொருளைத் திரும்பப் பெறும் உரிமையைக் குறித்துரைத்த நிவாரணச் சட்டத்தின் 7, 8 ஆகிய பிரிவுகள் தருகின்றன. பணத்தால் ஈடுகட்ட முடியாத பொருள் என்றால் அதையே திருப்பிக் கொடுக்க உத்தரவிடலாம் என்பது 8வது பிரிவில் இருக்கிறது. பட்டச் சான்றிதழைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நம்பிக்கை மோசடி என்று, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 316வது பிரிவில் காவல் நிலையத்தில் புகார் தரவும் வழி உண்டு. ஆனால் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வருட அனுபவச் சான்றையும் பணிவிடுப்பு உத்தரவையும் அதே பள்ளிதான் தர வேண்டும். சமரசமாக முடிந்தால் உங்களுக்குத்தான் லாபம். பணம் கொடுத்தே முடிப்பது என்று நீங்கள் தீர்மானித்தாலும் தொகையைப் பேசிக் குறையுங்கள், வங்கி வழியாகவே கொடுங்கள், சான்றிதழ்களைக் கையில் வாங்கிக்கொண்டே கொடுங்கள். அனுபவச் சான்று தர மறுத்தால் நியமன உத்தரவும் வருங்கால வைப்பு நிதிக் கணக்கும் சம்பளம் ஏறிய வங்கி அறிக்கையும் ஓரளவு கைகொடுக்கும்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். "சான்றிதழ் தொலைந்துவிட்டது என்று போலீசில் எழுதிக் கொடுத்து டூப்ளிகேட் வாங்கிவிடு" என்று யாராவது சொல்வார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்வார்கள். ஆனால் சான்றிதழ் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே தொலைந்ததாகச் சொல்வது, அரசு ஊழியரிடம் பொய்த் தகவல் தரும் குற்றம். பள்ளி அந்த ஒரிஜினலை எடுத்துக் காட்டினால் நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருந்தும் குற்றவாளி ஆகிவிடுவீர்கள்.

சரி, ஒரிஜினல்கள் கைக்கு வந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். அடுத்த நாளே முத்திரைக்கு ஓட வேண்டாம். முதல் முத்திரை விழுவதற்கு முன்பே பெயர் விஷயத்தை ஒழுங்கு செய்துகொள்ளுங்கள்.

நம் ஊரில் குடும்பப் பெயர் என்ற ஒன்றே கிடையாது, இனிஷியல்தான். பட்டத்தில் "எம். செல்வி", பாஸ்போர்ட்டில் "செல்வி ராஜேஷ்" என்று இருந்தால் நமக்கு ஒரே ஆள் என்று புரியும். துபாயில் கோப்பைப் பார்க்கும் அலுவலருக்கு அது இரண்டு பேர். இதற்காகப் பட்டச் சான்றிதழைத் திருத்தப் போக வேண்டியதில்லை. கல்வி முடித்தபோது உங்கள் பெயர் அதுதான், சான்றிதழில் தவறு ஏதும் இல்லை. தேவைப்படுவது இரண்டு பெயரையும் இணைக்கும் பாலம். மாற்றுச் சான்றிதழில் தந்தை பெயர் முழுதாக இருக்கும். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை, கணவர் இருவர் பெயரும் இருக்கும். நடுவில் பதிவுத் திருமணச் சான்று. இந்த மூன்றையும் சுட்டிக்காட்டி, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் ஒரு பிரமாண வாக்குமூலம் போடுங்கள். அதை வேலை தரும் பள்ளிக்கு முன்கூட்டியே அனுப்பி, போதுமா என்று எழுத்தில் கேளுங்கள். போதாது என்றால்தான் தமிழ்நாடு அரசிதழ் அறிவிப்பு. கோயிலில் கொடுத்த திருமணச் சீட்டு மட்டும் இருந்தால் இப்போதே சார்பதிவாளரிடம் பதிவு செய்துவிடுங்கள். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம்தான். பிற்பாடு கணவரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளவும் அது வேண்டும். பெயரில் இவ்வளவு இடம் இருக்கிறது, பிறந்த தேதியில் இல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிலும் பாஸ்போர்ட்டிலும் தேதி ஒரு நாள் மாறியிருந்தாலும் முதலில் அதைத் திருத்துங்கள்.

இனி முத்திரை. உங்கள் கையில் பட்டமளிப்புச் சான்றிதழ் இருக்க வேண்டும். தற்காலிகச் சான்றிதழ் போதாது. பி.எஸ்சி., பி.எட். இரண்டுக்கும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தில் உண்மைத்தன்மைச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். இரண்டும் வெவ்வேறு பல்கலைக்கழகம் என்பதால் தனித்தனி விண்ணப்பம், தனித்தனிக் காத்திருப்பு. அப்புறம் தமிழ்நாடு அரசின் உயர்கல்வித் துறை, அதன் பிறகு வெளியுறவு அமைச்சகம், அடுத்து ஐக்கிய அரபு அமீரகத் தூதரகம், கடைசியாக அங்கே போனதும் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம். துபாயில் தனியார் பள்ளிகளை மேற்பார்வையிடும் கே.எச்.டி.ஏ. அமைப்பின் ஒப்புதலும் ஆசிரியர் நியமனத்துக்குத் தேவை. அதைப் பள்ளி பார்த்துக்கொள்ளும். காவல்துறை நன்னடத்தைச் சான்றை மட்டும் கடைசியில் வாங்குங்கள், சீக்கிரம் பழசாகிவிடும்.

"அப்போஸ்டில் போட்டால் போதும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்போஸ்டில் என்பது தூதரக முத்திரைக்குப் பதிலாக உறுப்பு நாடுகள் ஏற்றுக்கொள்ளும் ஒரே முத்திரை. அதை உருவாக்கிய 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை இந்தியாவில் 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஓமன், பஹ்ரைன், சவுதி அரேபியா அதில் இருக்கின்றன. அமீரகம் இல்லை. அமீரகத்துக்குத் தூதரக முத்திரைதான் வழி.

ஏஜெண்ட் கேட்ட தொகைக்கு வருகிறேன். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு பெற்றவரே ஆனாலும் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டும். பதிவு எண்ணைக் கேட்டு இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமோ, ஆள்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் நேரடியாகவும் வாங்கக் கூடாது, மறைமுகமாகவும் வாங்கக் கூடாது என்கிறது. விசாச் செலவு, சேர்க்கைச் செலவு என்று தலைப்பு மாற்றி யார் கேட்டாலும் துபாய் பள்ளிக்கே ஒரு மின்னஞ்சல் போட்டு, இப்படி வாங்கச் சொன்னீர்களா என்று கேளுங்கள். முத்திரை வேலைக்கு மட்டும் ஒரு சேவை நிறுவனத்தை அமர்த்துவதில் தவறில்லை. ஒவ்வொரு ஆவணத்துக்கும் தனி ரசீது வாங்குங்கள், ஒரிஜினலைக் கொடுக்கும் முன் இருபுறமும் படம் எடுத்து வையுங்கள்.

துபாய் பள்ளிக்கு இன்றே எழுதி, சான்றொப்பத்துக்கு எட்டு முதல் பத்து வாரம் அவகாசம் கேளுங்கள். பள்ளி ராஜினாமாத் தபாலை வாங்க மறுத்து அது உங்களுக்கே திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காதீர்கள். மேலே தபால்காரர் எழுதிய குறிப்போடு மூடியபடியே என்னிடமோ உங்கள் ஊர் வழக்கறிஞரிடமோ கொண்டு வாருங்கள். நீதிமன்றத்தில் அதுதான் நம் முதல் ஆவணம்.