தும்பையைச் செருக்கிவிட்டுத் தேனீயைத் தேடுகிறவர்களுக்கு

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி, வளவுப் பூக்களையும் தேனீயையும் பற்றியவை. ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தால் ஒரு பதில்தான்.

கிணற்றடித் தொட்டியில் தேனீ விழுந்து சாகிறது. என்ன செய்யலாம்? (மாங்குளம்)

நாலு கல்லும் ஒரு பொச்சுமட்டையும் போடுங்கள். ஏறி நின்று குடிக்கும்.

பட்டிப்பூ நிறைய நட்டிருக்கிறேன். தேனீ வரவில்லையே? (வவுனியா)

வராது. அந்தப் பூவின் குழாய்க்குள் தேனீயின் நாக்கு எட்டாது. வண்ணத்துப்பூச்சி வரும், அதைப் பாருங்கள்.

கனடாவிலிருந்து அண்ணா 'காட்டுப்பூ விதை' என்று ஒரு பைக்கற் கொண்டுவந்தார். கார்த்திகையில் தூவினேன். முளைத்தது, பூக்காமலே கருகிவிட்டது. (புதுக்குடியிருப்பு)

இந்தப் பைக்கற் கதை எனக்கு அலுத்துவிட்டது. அந்த விதைகளில் சில, உறைகுளிர் ஒன்றைக் கடந்தால்தான் பூக்கும். நம் மார்கழி இரவு அந்தக் குளிருக்குக் கிட்டவும் போகாது. அப்புறம் பங்குனி வெயில் வந்தால் எது மிஞ்சும்? இன்னொன்று, அனுமதி இல்லாமல் வெளிநாட்டு விதை கொண்டுவருவதே பிழை. 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் எதற்கு இருக்கிறது? அண்ணாவை அடுத்தமுறை சொக்லேற் கொண்டுவரச் சொல்லுங்கள்.

காட்டுப்பூ உங்கள் வளவிலேயே இருக்கிறது. ஐப்பசி மழை விழுந்து இரண்டு கிழமையில் தும்பை தானாக முளைக்கும். மார்கழி, தையில் வெள்ளையாகப் பூத்துத் தேனீ மொய்க்கிற நேரம் பார்த்து, பொங்கலுக்கு முற்றம் துப்புரவாக்குகிறோம் என்று மண்வெட்டியை எடுத்து வேலிக்கரை வரைக்கும் செருக்கிவிடுகிறீர்கள். கோலம் போட எவ்வளவு இடம் வேண்டும்? பத்தடி. மிச்சத்தை விடுங்களேன். வேலியோரம் நாலடி அகலத்தில் தும்பையும் வெட்டுக்காயப் பூண்டும் நிற்கட்டும். விதை கொட்டிய பிறகு, பங்குனியில் செருக்கலாம். வெறும் நிலமும் கொஞ்சம் இருக்கட்டும், மண்ணுக்குள் கூடு வைக்கிற தேனீக்களும் உண்டு.

பூசணி பூக்கிறது, பிஞ்சு மஞ்சளாகி விழுகிறது. தேனீ இல்லாததாலா? (ஒட்டுசுட்டான்)

மருந்து அடிக்கிறீர்களா, எத்தனை மணிக்கு என்று எழுதவேயில்லை. எழுதாமல் நான் என்ன சாத்திரமா பார்ப்பது? பூசணிப் பூ விடியவே விரியும், மதியத்துக்குள் சுருங்கிவிடும். காலையில் மருந்து அடித்தால் வருகிற தேனீயும் செத்துவிடும். மருந்து பின்னேரம், பொழுதுபட்ட பிறகு. வேப்பெண்ணெய் என்றாலும் அப்படித்தான். இப்போதைக்கு ஆண் பூவைப் பிடுங்கிப் பெண் பூவில் தடவிவிடுங்கள்.

உரத்தோடு வந்த ஒரு செடி, கரட் இலை மாதிரி இலை, குட்டி வெள்ளைப் பூ. தேனீக்கு வைத்திருக்கலாமா? (கிளிநொச்சி)

நீங்கள் சொல்வது அப்படியே பார்த்தீனியம். கையுறை போட்டு இன்றே வேரோடு பிடுங்குங்கள். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை கொட்டும், தோலுக்கும் மூச்சுக்கும் கெடுதி.

கோடையில் எது பூக்கும்? (முள்ளியவளை)

ஆவரசு. அதில் தேன் கிடைக்காது, மகரந்தம் உண்டு. சித்திரைக்கு வேம்பு. பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடும் இடத்தில் துளசி வையுங்கள். கதிர் முழுவதையும் சாமிக்குக் கிள்ளாமல் பாதியை விட்டால் போதும். வெங்காயப் பாத்திக்கு மருந்து அடிக்கிற வீடு என்றால், திரும்பவும் சொல்கிறேன், பின்னேரம்.

பெரிய கறுத்த வண்டு கூரை மரத்தைத் துளைக்கிறது. கொல்லலாமா? (வவுனியா)

வேண்டாம். உங்கள் கத்தரி காய்ப்பதற்கு அது உதவுகிறது. பூவைப் பிடித்து அதிர்த்து மகரந்தத்தை உதிர்க்கிற வேலை பெட்டித் தேனீக்கு வராது. மரத்துக்குப் பெயின்ற் அடியுங்கள், பட்ட முருங்கைக் கொம்பு ஒன்றை வேலியில் சாத்திவிடுங்கள். அங்கே போய்விடும்.