வேனில் குடியிருக்கிறோம், ஏஜென்ட் சொல்லும் ஆக்சிஜன் மெஷினை வாங்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு 68 வயது. சிகரெட்டால் நுரையீரல் கெட்டுவிட்டது, சி.ஓ.பி.டி. என்கிறார்கள். நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன், தினமும் 15 மணி நேரமாவது வேண்டுமாம். செந்தூல் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு இப்போது வேனிலேயே இருக்கிறோம். சில நாள் பத்துமலைப் பக்கம், சில நாள் பட்டர்வொர்த்தில் மகள் வீட்டு வாசல். கையில் தூக்கிப் போகும் மெஷின் ஒன்று, கார் லைட்டர் சாக்கெட்டிலேயே ஓடும், இரவு பகல் இது போதும் என்கிறார் ஏஜென்ட். விலை 9,000 மலேசிய வெள்ளி. சனிக்கிழமைக்குள் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா, டாக்டர்?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. மெஷின் கெட்டது என்பதால் அல்ல. ‘இரவு பகல் இது போதும்’ என்று அவர் சொன்னதுதான் தப்பு.

இந்தச் சின்ன மெஷின்களில் பெரும்பாலானவை குழாய்த் தண்ணீர் மாதிரி விடாமல் ஆக்சிஜன் தருவதில்லை. மூக்கால் மூச்சை இழுக்கும்போது அதை உணர்ந்து ஒரு ‘புஸ்’ விடும், அவ்வளவுதான். அதன் மேல் இருக்கும் ‘2’ என்ற எண் 2 லிட்டர் அல்ல, மின்விசிறியில் இருக்கும் 1, 2, 3 மாதிரி ஒரு நிலை. ஏஜென்ட்டுகள் வாய் திறக்காத இடம் இதுதான். தூக்கத்தில் உங்கள் கணவர் வாயைத் திறந்து மூச்சு விட்டால், மூச்சு மேலோட்டமாக ஓடினால், மெஷினுக்கு அது தெரியாமலே போகலாம். பகலில் கடைக்கு நடக்க நல்ல சாமான். இரவுக்கு நம்பாதீர்கள்.

விதிவிலக்கு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஏஜென்ட் அதை வைத்தே உங்களை மடக்குவார். கையடக்க மெஷின்களில் சிலவற்றில் விடாமல் ஓடும் முறையும் உண்டு. ஆனால் அவை கனமானவை, 4 கிலோவிலிருந்து 8 கிலோ வரை. அந்த முறையில் ஓட்டினால் பேட்டரி ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் காலி. பிறகு கரண்ட்டில்தான் ஓட வேண்டும். ஆக, ‘இதிலும் கன்டினியூஸ் இருக்கு’ என்று அவர் சொன்னால் பொய் இல்லை. எத்தனை லிட்டர், பேட்டரியில் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். அங்கேயே பலர் பின்வாங்கிவிடுவார்கள்.

இரவுக்குத் தேவை வீட்டில் வைக்கும் 5 லிட்டர் மெஷின். அது சுமார் 350 வாட் இழுக்கும். லைட்டர் சாக்கெட் தாங்காது, ஃபியூஸ் போய்விடும். ஒன்பது மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால், இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்து, நூறு ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி மூன்று வேண்டும். இன்வெர்ட்டரும் வீட்டுக் கரண்ட் மாதிரியே சீராகத் தரும் ‘பியூர் சைன் வேவ்’ ஆக இருக்க வேண்டும். மறுநாள் அத்தனையும் திரும்ப ஏறியாக வேண்டுமே! கூரையில் ஒரு சோலார் பலகை அதற்குப் பத்தாது. அதனால் இரவுகளில் பிளக் பாயிண்ட் உள்ள இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். மகள் வீட்டு வாசல் இருக்கிறதே, அதைவிட நல்ல கேம்ப் எது?

பிளக் கிடைக்காத இரவில் என்ஜினை ஓடவிட்டு, ஏர்கானையும் போட்டுக்கொண்டு தூங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். செய்யவே கூடாது. ஜன்னலோரம் ஜெனரேட்டரும் வேண்டாம். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு என்று பார்க்க விரலில் மாட்டும் மீட்டருக்கும் அது பிடிபடாது. அந்த விஷ வாயு ரத்தத்தில் ஏறியிருக்கும்போதும் மீட்டர் 98 என்று காட்டிக்கொண்டிருக்கும். வண்டிக்குள் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டுங்கள்.

கரண்ட் போனால் கைகொடுக்க ஒரு சிலிண்டர் வேண்டும். ‘ஈ’ அளவு சிலிண்டரில் சுமார் 680 லிட்டர் இருக்கும். 2 லிட்டர் வீதம் ஐந்தரை மணி நேரம் வரும். பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டுங்கள், வெயிலில் பூட்டிய வேனில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வெல்டிங் பட்டறை ஆக்சிஜனை மலிவு என்று யாராவது நீட்டினால் விரட்டிவிடுங்கள். அடுப்பு, ஊதுபத்தி, சூடம், சிகரெட் எல்லாம் ஆக்சிஜனிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். வேனுக்குள் மூன்று மீட்டர் ஏது? சமையலும் சாமி கும்பிடுவதும் வெளியே. மூக்கு காய்ந்தால் வேசலினும் தைலமும் வேண்டாம், தண்ணீர் கலந்த ஜெல் போதும்.

ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன். மருந்து வாங்கும் வரிசையில் நிற்பவரிடம் கார்டு நீட்டும் ஆட்களைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும். ஒரு நோயாளி ‘1 முதல் 7 லிட்டர்’ என்று எழுதிய மலிவு மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். 1 லிட்டரில் ஆக்சிஜன் 93 விழுக்காடு, 7 லிட்டரில் 30. நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றிலேயே 21 இருக்கிறது! பழைய மெஷின் என்றால் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டரைப் பாருங்கள். புதிதோ பழையதோ, 2012ஆம் ஆண்டு மருத்துவக் கருவிச் சட்டப்படி எம்.டி.ஏ. என்னும் மருத்துவக் கருவி ஆணையத்தில் பதிவானதா என்று கேளுங்கள்.

காசுக்கு முதலில் உங்கள் அரசு மருத்துவமனையின் மருத்துவ சமூகப் பணிப் பிரிவுக்குப் போய், ‘தாபோங் பந்துவான் பெருபாத்தான்’ என்ற மருத்துவ உதவி நிதிக்கு மனுப் போட முடியுமா என்று கேளுங்கள். பாரத்தில் வீட்டு விலாசம் கேட்பார்கள், மகள் விலாசத்தைக் கொடுங்கள். வேனில் வாழ்ந்த இன்னொருவருக்காக ஓர் அலுவலகத்துக்கு நான் மூன்று முறை கடிதம் எழுதினேன். மூன்று முறையும் ‘மின்சார பில் இணைக்கவில்லை’ என்று திரும்பி வந்தது. சக்கரத்துக்கு யார் மின்சார பில் தருவார்கள்? மூச்சு வாங்கும் மனிதனை விட்டுவிட்டு, பில் வாங்குவதிலேயே குறியாக இருந்தார்கள்.

குளிருக்காகக் கேமரன் மலை ஏற நினைத்தால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது, கோலாலம்பூரில் அளந்து எழுதிய 2 லிட்டர் அங்கே போதாமல் போகலாம். நீங்களாகவே கூட்டவும் கூடாது. சி.ஓ.பி.டி. உள்ள பலருக்கு மீட்டர் 88க்கும் 92க்கும் நடுவே நின்றால் போதும், மிஞ்சினால் கரியமில வாயு தேங்கிக் காலையில் தலைவலியும் மயக்கமும் வரலாம்.

சனிக்கிழமை அந்த ஏஜென்ட் வந்தால் மெஷினை மாட்டி உங்கள் கணவரைப் பத்து நிமிடம் உட்கார வையுங்கள். பிறகு விரலில் மீட்டரோடு வேனை மெதுவாக நாலு சுற்றுச் சுற்றட்டும். 88க்குக் கீழே இறங்கினால் மெஷினைக் கழற்றி ஏஜென்ட் கையிலேயே கொடுத்துவிடுங்கள். இறங்காவிட்டால், பகலுக்கு மட்டும் என்று விலை பேசுங்கள்.