எருமைக் கன்றும் குடற்புழுவும்: கேள்வி பதில்

கேள்வி: கன்றுக்கு 25 நாள். களிமண் நிறத்தில் கழிகிறது, நாற்றம் தாங்கவில்லை. இந்த வயதிலேயே புழு வருமா?

பதில்: வரும். எருமைக் கன்றுக்கு முதல் எதிரியே டாக்சோகாரா விட்டுலோரம் என்ற உருண்டைப்புழுதான். தாயின் உடம்பில் அடங்கிக் கிடக்கும் இளம்புழுக்கள், ஈன்றதும் மடிக்கு வந்து பாலோடு கன்றின் குடலுக்குப் போகும், அங்கே ஏறக்குறைய ஒரு அடி நீளம்கூட வளரும், கூட்டம் சேர்ந்தால் குடலையே அடைத்துவிடும். மூன்று வாரம் போனால் முட்டையிட ஆரம்பிக்கும். ஓடு தடிப்பு, கொட்டில் மண்ணில் மாதக்கணக்கில் கெடாது. அதனால்தான் பிறந்த 10 முதல் 16 நாளுக்குள் கன்றுக்குப் பைரன்டெல் என்ற புழு மருந்தைக் கொடுத்துவிடுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்கிறேன். உங்களுக்கு அந்த நாள் தாண்டிவிட்டது, இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். தோலைக் கிள்ளிவிட்டுப் பாருங்கள், மடிப்பு சட்டென்று விரியாவிட்டால் உடம்பில் நீர் வற்றிவிட்டது, புழுவுக்கு முன்னால் அதைக் கவனிக்க வேண்டும்.

கேள்வி: சினை எருமைக்கு அல்பெண்டசோல் என்ற புழு மருந்து கொடுக்கலாமா?

பதில்: சினையின் தொடக்கத்தில் கூடவே கூடாது, கருவைப் பாதிக்கும்.

கேள்வி: பாலில்தான் புழு என்றால் சீம்பாலை நிறுத்திவிடலாமே?

பதில்: தயவுசெய்து வேண்டாம். கன்று நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாமல்தான் பிறக்கிறது, அது சீம்பாலில்தான் கிடைக்கிறது.

கேள்வி: நாங்கள் சீம்பாலைக் கறந்து கொட்டிவிட்டுத்தான் கன்றை விடுவோம், ஒன்றும் ஆகவில்லையே?

பதில்: பிழைத்த கன்றுகளை மட்டும் எண்ணுகிறீர்கள். காய்ச்சலிலும் கழிச்சலிலும் போனவற்றையும் சேர்த்து எண்ணுங்கள். ஒரு நாள் போனால் அந்தச் சக்தியைக் குடல் உறிஞ்சாது, பிறகு எவ்வளவு ஊட்டினாலும் வீண். சரி, கொட்டுவதால் புழுவாவது நிற்கிறதா? இல்லை, அடுத்து வரும் நாட்களின் பாலிலும் அது இறங்குகிறது. ஆக, கேடயத்தைக் கொட்டிவிட்டுப் புழுவை ஊட்டுகிறீர்கள். புழுவுக்கு மருந்து இருக்கிறது, இழந்த சீம்பாலுக்கு இல்லை.

கேள்வி: தாய்க்குப் புழு மருந்து கொடுத்தால் கன்றுக்கு வராதுதானே?

பதில்: வரும். தசையில் அடங்கிய இளம்புழுவை வழக்கமான மருந்து தொடுவதில்லை. கன்றுக்கே 10 முதல் 16 நாளுக்குள் மருந்து கொடுங்கள்.

கேள்வி: பெரிய எருமைக்கு எந்த மருந்து நல்லது?

பதில்: பலரும் திரும்பத் திரும்ப இதையே கேட்கிறீர்கள். எந்தப் புழு என்று தெரியாமல் மருந்து சொல்ல முடியாது, புதுச் சாணத்தைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். நத்தை உள்ள குட்டையில் மேய்ந்த எருமைக்குத் தாடைக்கடியில் வீக்கமும் கழிச்சலும் இருந்தால் தட்டைப்புழுவைச் சந்தேகியுங்கள், அதற்கு ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து வேலை செய்யாது.

கேள்வி: எடை எப்படிப் பார்ப்பது?

பதில்: நாடாவால் மார்புச் சுற்றளவை அளந்து கணக்கிடுங்கள். கண்ணளவில் குறைத்து ஊற்றினால் புழுவுக்கு மருந்து பழகிவிடும். ஊற்றும்போது தலையை அண்ணாத்திப் பிடிக்காதீர்கள், நாக்கையும் இழுக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

கேள்வி: கன்றுக்கு 12 நாள், நன்றாகத்தான் இருக்கிறது, மருந்து தேவையா?

பதில்: தேவை. அந்த நாள் இதுதான்.